ஆமைக் கரையிலிருந்து, தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும் விவாத நெறியாளர்களுக்கும்,

போன மாதம் உங்களில் ஒருவருடைய அரங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். எந்தச் சேனல் என்று சொல்லப்போவதில்லை. அங்கே நடந்தது பல சேனல்களில் நான் பார்த்துப் பழகியதுதான். சென்னைக் கரையில் செத்து ஒதுங்கும் பங்குனி ஆமைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்த பிறகுதான் முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய திரையைக் கவனித்தேன். ‘பூமி சூடாகிறதா? பீதி சூடாகிறதா?’ என்று நெருப்பு எழுத்தில் போட்டிருந்தது. எதிர் நாற்காலியில் ஒருவர். பருவநிலை மாற்றம் என்பதே பணக்கார நாடுகள் கட்டிவிட்ட கதை என்று பேசுவதற்காக வரவழைக்கப்பட்டவர்.

ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக, அவர் பேச்சு போக, நெறியாளர் குறுக்கிட்டது போக, எனக்குக் கிடைத்தது நாலு நிமிஷம் இருக்கும். கடைசியாகக் கேட்ட கேள்வி இது: “சுருக்கமா சொல்லுங்க மேடம், உலகம் அழியப்போகுதா இல்லையா? ஆமாவா, இல்லையா?” நான் வாயைத் திறப்பதற்குள் இடைவேளை வந்துவிட்டது.

நான் விஞ்ஞானி இல்லை. ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பதினேழு வருஷமாக, தை பிறந்ததும் வாரத்தில் இரண்டு மூன்று இரவு கடற்கரையில் ஆமை நடை போகிறேன். இந்த ஊரில் ஆமை நடை புதிதல்ல. 1970களின் தொடக்கத்திலேயே இங்கே நடந்திருக்கிறார்கள். 1988 முதல் மாணவர்கள் சேர்ந்து விடாமல் நடக்கிறார்கள். நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பி, ஈர மணலில் ஆமை ஏறி இறங்கிய தடத்தைத் தேடிக்கொண்டே போவோம். தடம் முடியும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்போம். கெட்டி மணலில் குச்சி நிற்கும். குழி இருக்கும் இடத்தில் சட்டென்று இறங்கும். தோள் வரை கையை விட்டு, பிங்பாங் பந்து போன்ற நூறு, நூற்றிருபது முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்து, விடிவதற்குள் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்போம். நாய்க்கும் திருட்டுக்கும் தப்பினாலும், கடலுக்குள் போகும் குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்று பெரிய ஆமையாகித் திரும்பி வந்தால் அதிகம் என்பார்கள்.

2025 ஜனவரியில் நாங்கள் முட்டை தேடவில்லை. பிணம் எண்ணினோம்.

ஒரு விடியற்காலையை மட்டும் சொல்கிறேன். இரண்டு கிலோமீட்டர் நடப்பதற்குள் ஒன்பது ஆமை. கழுத்து வீங்கியிருந்தது. கண்கள் பிதுங்கி வெளியே வந்திருந்தன. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஒன்றை நாய்கள் பின்பக்கமாகக் கிழித்திருந்தன. உள்ளே முட்டைகள், ஓடு கட்டியவை, இன்னும் சில நாளில் இட வேண்டியவை. கூட வந்த கல்லூரிப் பையன் டேப் வைத்து நீளம் அளந்து நோட்டில் எழுதினான். ஓட்டின் மேல் பெயிண்டால் குறி போட்டோம். போடாவிட்டால் மறுநாள் வேறொரு குழு அதையே திரும்ப எண்ணிவிடும். ஒன்பதாவது ஆமைக்கு வந்தபோது பெயிண்ட் தீர்ந்துவிட்டது. அந்த மாதம் முழுக்க இப்படித்தான். சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது.

இதைத்தான் நான் உங்கள் அரங்கில் சொல்லத் தொடங்கினேன். எதிரே இருந்தவர் உடனே பிடித்துக்கொண்டார்: “வலையில மாட்டிச் செத்த ஆமைக்கும் பருவநிலை மாற்றத்துக்கும் என்னங்க சம்பந்தம்?”

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல். மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். விசைப்படகு மணிக்கணக்கில் இழுக்கும் மடிவலையில் மாட்டினால் அது மூழ்கித்தான் சாகும். கழுத்து வீக்கமும் பிதுங்கிய கண்ணும் அதைத்தான் சொல்கின்றன. அந்தச் சாவுகளுக்குச் சூடான பூமி காரணம் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. அந்தப் பாதியை ஒப்புக்கொள்ள எனக்கு நேரம் கிடைத்தது. மீதியைச் சொல்லத்தான் கிடைக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டை கிடக்கும் மணலின் சூடு. சுமார் 29 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து வரும். அதற்கு மேலே போகப் போகப் பெண் மட்டுமே. 35 டிகிரியை நெருங்கி அப்படியே நீடித்தால் கரு முட்டைக்குள்ளேயே வெந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டின் வடக்குப் பகுதியில் வாழும் பேராமைகளை ஆராய்ந்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண். நம் கரையில் அந்த நிலை வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் நோட்டுப் புத்தகம் ஒன்றைச் சொல்கிறது: தையில் புதைத்த முட்டை பொரிய ஐம்பது நாளுக்கு மேல் ஆகிறது, பங்குனிக் கடைசியில் புதைத்தது நாற்பத்தைந்து நாளிலேயே பொரிந்துவிடுகிறது. மணல் எவ்வளவு சூடோ அவ்வளவு சீக்கிரம். சித்திரை வெயிலில் பொரிப்பகத்தின் மேல் நிழல் வலை கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் குழியைத் தோண்டி, பொரியாத முட்டையைப் பிரித்துப் பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் ஏறக்குறைய 1 டிகிரி சூடாகியிருக்கிறது என்று சொன்னது எந்தப் பணக்கார நாடும் இல்லை. நம்முடைய புவி அறிவியல் அமைச்சகம், 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டில். ஆக, இன்றைக்கு வலை தாயைக் கொல்கிறது. நாளைக்குச் சூடு பிள்ளையின் வம்சத்தை ஒருபக்கமாகச் சாய்க்கிறது. இரண்டும் சேர்ந்து வருவதுதான் ஆபத்து. தாய் ஆமைகள் நிறைய இருந்தால் நாலு மோசமான கோடையை அந்த இனம் தாங்கும். குறைந்துவிட்டால் தாங்காது. இதைச் சொல்ல எனக்கு ஒன்றரை நிமிஷம் போதும். அந்த ஒன்றரை நிமிஷத்தை, பூமி சூடாகிறதா என்று நீங்கள் மறுபடி முதலிலிருந்து கேட்டதற்குக் கொடுத்துவிட்டேன்.

ஆசிரியர்களே, என் குறை இதுதான். முடிந்துபோன கேள்வியை நீங்கள் விவாதமாக்குகிறீர்கள். உண்மையிலேயே விவாதிக்க வேண்டிய கேள்விகள் வாசலில் நிற்கின்றன.

மனிதர்கள்தான் பூமியைச் சூடாக்கினார்கள் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று ஐநாவின் பருவநிலைக் குழு 2021-ல் சொல்லிவிட்டது. 2024-தான் அளந்து வைத்த ஆண்டுகளிலேயே மிகச் சூடானது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு 2025 ஜனவரியில் அறிவித்தது. இதற்கு மேல் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து உண்டா இல்லையா என்று கேட்டால், பார்க்கிறவருக்குப் பாதிக்குப் பாதி என்றுதான் தோன்றும். லண்டனில் பிபிசி இந்தத் தவற்றைப் பல வருஷம் செய்துவிட்டு, 2018-ல் தன் ஊழியர்களுக்குக் குறிப்பு அனுப்பியது: சமநிலைக்காக மறுப்பாளர் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை என்று. அவர்களால் தவற்றை ஒப்புக்கொள்ள முடிந்தது. உங்களாலும் முடியும்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், நேத்து டிவியில கடைசியில நீங்க பதிலே சொல்லலையே. அப்போ அவர் சொன்னதுதான் சரியா?” அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பார்த்ததைத்தான் சொன்னாள். அவளுக்கு வேறு எதையும் நீங்கள் காட்டவில்லை.

அப்புறம், எதிரே இருந்தவர் சொன்ன இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. டைனோசரும்தான் அழிந்தது, உயிரினங்கள் அழிவது இயற்கை, இதற்கு ஏன் இவ்வளவு கூப்பாடு என்றார். நெறியாளரும் தலையாட்டினார். அழிவு இயற்கைதான். இந்த வேகம் இயற்கை இல்லை. உயிர்ப்பன்மை பற்றிய ஐநா ஆதரவு பெற்ற பன்னாட்டுக் குழு 2019-ல் சொன்னது: சுமார் 10 லட்சம் உயிரினங்கள் அழிவை நோக்கி நிற்கின்றன; கடந்த ஒரு கோடி ஆண்டுச் சராசரியைவிட இன்றைய அழிவு வேகம் குறைந்தது பல பத்து மடங்கு முதல் நூற்றுக்கணக்கான மடங்கு வரை அதிகம். அதே 2019-ல், ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே பிராம்பிள் கே என்ற சின்னஞ்சிறு தீவில் மட்டுமே வாழ்ந்த ஒரு எலியினத்தை அழிந்துவிட்டதாக அந்த நாட்டு அரசு அறிவித்தது. கடல் ஏறி ஏறி, அது தின்ற செடிகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. பருவநிலை மாற்றத்தால் அற்றுப்போன முதல் பாலூட்டி என்று அதைத்தான் சொல்கிறார்கள். யாரும் வேட்டையாடி அதை முடித்துவிடவில்லை. ஒரு எலிக்காக அழுவதா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அது ஒரு எலி இல்லை, அந்த எலி இனம் முழுவதும்.

நம் ஊருக்கே வருகிறேன். சின்ன வயதில் தாத்தா என்னைத் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப்போனார். படியேறி மூச்சு வாங்க, உச்சி வெயிலில் கூட்டத்தோடு காத்திருந்தோம். குருக்கள் பொங்கல் பாத்திரத்தோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று. மஞ்சள் முகம், அழுக்கு வெள்ளைச் சிறகு. ‘காசியில குளிச்சிட்டு இங்க சாப்பிட வருதுங்க’ என்றார் தாத்தா. அவை மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகுகள் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. இன்றைக்கு என் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் படி இருக்கிறது, பாறை இருக்கிறது, கதை இருக்கிறது. பறவை வருவதில்லை.

பாறு இனங்களின் கதையை நீங்கள் ஒருமுறையாவது முழுதாகச் சொல்ல வேண்டும். 1990களில் இந்தியா முழுக்க அவை கொத்துக்கொத்தாக விழுந்தன. வெண்முதுகுப் பாறு பதினைந்து ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. ஏதோ நோய் என்று தேடிக்கொண்டே வருஷங்கள் ஓடின. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் உடம்புக்குள் போனதுதான் காரணம் என்று 2004 வாக்கில் தெளிவானது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். காரணம் தெரிந்த பிறகு யாரும் அதை மறுபடி மறுபடி மேடையேற்றி உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அதனால்தான் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் கொஞ்சம் பாறு மிச்சம் இருக்கிறது. சூடாகும் பூமிக்கான காரணம் அதைவிட முன்னாலேயே தெரியும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘இன்னும் ஐந்தே ஆண்டில் சென்னை கடலுக்குள்!’ என்று கம்ப்யூட்டரில் அலை வரைந்து, பயமுறுத்தும் இசையோடு நீங்கள் போடும் நிகழ்ச்சிகளும் எங்களுக்கு உதவவில்லை. ஐந்து ஆண்டில் சென்னை மூழ்காதபோது ஜனங்கள் என்னைப் போன்றவர்களைத்தான் பொய்யர்கள் என்பார்கள். 2030 என்ற ஆண்டை எல்லோரும் சாவுத் தேதி போலச் சொல்கிறார்கள். ஐநா பருவநிலைக் குழுவின் 2018 அறிக்கையில் இருப்பது வேறு: 1.5 டிகிரியோடு நிறுத்த வேண்டுமானால் கரியமில வாயு வெளியேற்றம் 2010 அளவிலிருந்து 2030-க்குள் சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும், 2050 வாக்கில் நிகர அளவு பூஜ்யமாக வேண்டும். வேலையை முடிக்க வேண்டிய கெடு அது. மறுக்கிறவரும் மிரட்டுகிறவரும் கடைசியில் ஒன்றையே செய்கிறார்கள்: பார்ப்பவரைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவைக்கிறார்கள்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உங்கள் செய்தியாளர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். இரண்டு நாள் விடாமல் பார்த்தேன். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்ற ஒரு வரி என் காதில் விழவே இல்லை. அந்த மழைக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள் என்கிறேன்.

சரி, எதை விவாதிப்பது? ராஜஸ்தான், குஜராத் பாலையில் சூரிய மின்சாரத்துக்காக இழுத்த கம்பிகளில் மோதிக் கானமயில்கள் சாகின்றன. நூற்றைம்பதுகூட மிச்சமில்லாத பறவை. கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோ என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழு அமைத்தது. அதே தீர்ப்பில், பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் உரிமை என்றது. நிலக்கரியை விடுவதற்காகப் போட்ட கம்பி ஒரு இனத்தையே முடித்துவிடக்கூடும். இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இதற்குக் கூப்பிடுங்கள் நாலு பேரை.

நம் கரையிலும் உண்டு. சட்டப்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது. ஆமைகள் கூடுவதும் அந்த எல்லைக்குள்தான். வருடாந்தரத் தடைக்காலமோ ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை. அதற்குள் ஆமைப் பருவம் முடியும் தறுவாய்க்கு வந்துவிடுகிறது. ஆமை தப்பிக்க வழிவிடும் கம்பிச் சட்டகத்தை மடிவலையில் வைத்தால் மீனும் தப்பிவிடும், டீசல் காசுகூடத் தேறாது என்கிறார்கள் படகுக்காரர்கள். எங்களோடு பல இரவு நடந்திருக்கும் ஃபைபர் படகு அண்ணன் ஒருவர் சொன்னார்: “ஆமை செத்தா எங்களைத்தான் திட்டுறாங்க. என் வலையில மாட்டினா அறுத்து விடுறேன், வலைக்குக் காசு யார் குடுப்பா?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களை ஒரு நாளாவது உங்கள் அரங்கில் உட்காரவைத்தீர்களா? ‘மீனவனா, ஆமையா?’ என்று தலைப்புப் போடத்தான் உங்களுக்குத் தோன்றியது.

எனவே கேட்கிறேன். பருவநிலை மாற்றம் உண்டா இல்லையா என்ற தலைப்பில் இனி விவாதம் வைக்காதீர்கள். எதை, எப்போதைக்குள், யார் செலவில் செய்வது என்று வையுங்கள். அதில் எவ்வளவு காரசாரமாக வேண்டுமானாலும் மோதட்டும். விருந்தினரை அழைக்கும்போதே தலைப்பையும் எதிரே யார் என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். தவறான தகவல் ஒளிபரப்பானால், அதே நேரத்தில், அதே நிகழ்ச்சியில் திருத்தம் சொல்லுங்கள். நான் கலந்துகொண்ட நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்கு இது எந்த நிகழ்ச்சி என்று தெரியும். அந்தத் திருத்தத்துக்காக இன்றும் காத்திருக்கிறேன்.

புயல், வெள்ளம், அனல்காற்றுச் செய்திகளில் காரணத்தைச் சொல்லும் ஒரு வரியை வழக்கமாக்குங்கள். மீனவர்களையும் விவசாயிகளையும் பேரிடர் நாளில் அழும் முகமாக மட்டும் காட்டாமல், விவாத நாற்காலியில் உட்காரவையுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, வாரம் ஒருமுறை, எத்தனை ஆமை செத்து ஒதுங்கியது, 5 மைலுக்குள் எத்தனை படகு பிடிபட்டது என்ற இரண்டே எண்களைப் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டு வாங்கித் திரையில் போடுங்கள். கிரிக்கெட் ஸ்கோருக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசி போதும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பங்குனி முடிவதற்குள் ஒரு செய்தியாளரையும் ஒரு கேமராக்காரரையும் ஒரு இரவு எங்களோடு அனுப்புங்கள். நேரலை வேண்டாம். நள்ளிரவில் கிளம்புவோம். வெள்ளை விளக்கைப் பார்த்தால் ஆமை முட்டையிடாமல் கடலுக்கே திரும்பிவிடும். அதனால் விடியும் வரை கேமரா விளக்கும் செல்போன் டார்ச்சும் போடக் கூடாது. இருட்டில் நடக்கத் தயாராக இருப்பவரைப் பார்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆமை நடை போகும் ஒரு உயிரியல் ஆசிரியை, சென்னை